இல்லாத ஒன்று எப்படி நோயாகும்? புழுங்கல் அரிசி சொல்லும் வைட்டமின் கதை

பகாவ் பட்டணத்து மளிகைக் கடைகளில் ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்ற உள்ளூர் அரிசியும் சயாம் அரிசியும் அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் இந்தியாவிலிருந்து வரும் பொன்னிப் புழுங்கல் அரிசி. தோட்டத்து லயங்களை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பங்களில் பாட்டிமார் இன்னமும் புழுங்கல்தான் கேட்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு வெள்ளையரிசிச் சோறுதான் மெத்தென்று இருக்கிறதாம். இரண்டிலும் ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். பச்சரிசி பால் நிறத்தில், நடுவில் சுண்ணாம்புப் புள்ளியோடு இருக்கும். புழுங்கல் மங்கிய மஞ்சளாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். பல்லில் வைத்துக் கடித்தால் லேசில் உடையாது.

நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் இந்தச் சிறிய வேறுபாட்டைப் பொறுத்துத்தான் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பதும் சாவதும் இருந்தது. அதை ஆராயப் போன மருத்துவர்கள் வழியாகத்தான் வைட்டமின் என்ற எண்ணமே உலகுக்குக் கிடைத்தது. அந்த ஆராய்ச்சியின் இரண்டு முக்கியமான கட்டங்கள் நம் நாட்டில் நடந்தவை: ஒன்று கோலாலம்பூரில், மற்றொன்று பகாவ் இருக்கும் இதே நெகிரி செம்பிலானில். வைட்டமின் பட்டியலை மனப்பாடம் செய்து தேர்வு எழுதும் நம் பிள்ளைகளுக்கு அதன் பின்னால் இருக்கும் மனிதர்களையும் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

நோயின் பெயர் பெரிபெரி. முதலில் பாதம் மரத்துப்போகும். கெண்டைக்கால் சதையை அழுத்தினால் வலிக்கும். குந்தி உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமல் தவிப்பார். அக்கால மருத்துவர்கள் நோயைக் கண்டுபிடிக்க இதையே ஒரு சோதனையாக வைத்திருந்தார்கள். சிலருக்குக் கைகால் மெலிந்து, நரம்பு தளர்ந்து, நடையே நின்றுவிடும். சிலருக்குக் கால் வீங்கி, வயிறு வரை நீர் கோத்து, இதயம் திடீரென்று நின்றுவிடும். நல்ல உடற்கட்டுள்ள வாலிபர்களே இப்படி மாண்டார்கள் என்பதுதான் எல்லாரையும் திகைக்க வைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நோய் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும், ஜாவாவின் ராணுவ முகாம்களிலும், ஜப்பானியக் கடற்படைக் கப்பல்களிலும் பரவி நின்றது. நீராவியால் ஓடும் அரிசி ஆலைகள் பெருகிய காலமும் அதுதான். ஆனால் அன்று யாரும் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. ராபர்ட் கோஹ் 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். பல நோய்களுக்குப் பின்னாலும் ஒரு கிருமி பிடிபட்டுக்கொண்டிருந்த நேரம். நோய் என்றால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று உடம்புக்குள் புகுந்திருக்க வேண்டும். அதைப் பிடித்துவிட்டால் போதும் என்பதே அன்றைய மருத்துவத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. பெரிபெரியில் மட்டும் அது கண்ணை மறைத்தது.

கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெர்லினில் கோஹிடமே பயின்றவர். பெரிபெரிக் கிருமியைத் தேட 1886-ல் ஒரு குழு ஜாவாவுக்குப் புறப்பட்டபோது அவரும் அதில் வந்தார். இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில், ராணுவ மருத்துவமனையை ஒட்டிய ஆய்வகம் அவர் பொறுப்புக்கு வந்தது. அங்கே வளர்த்த கோழிகள் ஒரு சமயம் தள்ளாட ஆரம்பித்தன. கிளையில் உட்கார முடியாமல் விழுந்தன. கால் மடங்கி, மூச்சு வாங்கி, செத்தன. மனிதருக்கு வரும் பெரிபெரியைப் போலவே இருந்தது. எய்க்மான் கிருமியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மிச்சமிருந்த கோழிகள் தாமாகத் தேறிவிட்டன.

விசாரித்ததில் காரணம் சமையலறையில் இருந்தது. இடையில் சில மாதங்கள் மருத்துவமனையில் மீந்த வெள்ளையரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருந்தார்கள். புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்தாரின் அரிசியைக் குடிமக்களின் கோழிக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். அதன்பின் மலிவான, தவிடு போகாத அரிசி போட்டார்கள், கோழிகள் பிழைத்தன. இந்தச் சமையற்காரரின் கண்டிப்பைப் பற்றி எய்க்மானே பிற்காலத்தில் தம் நோபல் உரையில் குறிப்பிட்டிருக்கிறார்.

எய்க்மானின் நண்பரும் சிவில் மருத்துவத் துறை ஆய்வாளருமான ஃபோர்டர்மான் அடுத்த வேலையைச் செய்தார். ஜாவாவின் 101 சிறைகளில் கைதிகள் என்ன அரிசி உண்கிறார்கள், யாருக்கு நோய் வருகிறது என்று 1895-96-ல் கணக்கெடுத்தார். தவிடு நீங்காத அரிசி தந்த 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே பெரிபெரி. நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசி தந்த 51 சிறைகளில் 36-ல் பெரிபெரி. கட்டடம் பழையதா, காற்றோட்டம் உண்டா, நெரிசல் எவ்வளவு என்றெல்லாமும் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. அரிசி மட்டுமே பொருந்தியது.

இவ்வளவு தெரிந்தும் எய்க்மான் ஒரு படி தவறிவிட்டார். வெள்ளையரிசி மாவில் ஏதோ நஞ்சு உண்டாகிறது, தவிட்டுத் தோலில் அதற்கு முறிவு மருந்து இருக்கிறது என்று நினைத்தார். ஒன்று உள்ளே வந்தால்தான் நோய் வரும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. அவருக்குப்பின் அதே ஆய்வகத்தில் பொறுப்பேற்ற கெரிட் கிரெய்ன்ஸ், அரிசியே தராமல் 120 பாகை வெப்பத்தில் வேகவைத்த இறைச்சியைக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் அதே நோய் வந்தது. பச்சைப்பயறு கொடுத்தால் தேறின. அரிசியே இல்லாதபோது அரிசியின் நஞ்சு எங்கிருந்து வரும்? இயற்கை உணவில் நரம்புகளுக்குத் தேவையான ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, அது இல்லாமற்போவதுதான் நோய் என்று 1901-ல் அவர் எழுதினார். இன்று நாம் குறைபாட்டு நோய் என்று சொல்வதன் முதல் தெளிவான வடிவம் அதுதான். 1929-ல் நோபல் பரிசு எய்க்மானுக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸுக்கும் போனது. கிரெய்ன்ஸுக்குப் பங்கில்லை. என்னைக் கேட்டால், மூன்றாவது பெயராக அவர் பெயர் இருந்திருக்க வேண்டும்.

கோழியும் சிறைக் கணக்கும் போதாதா என்று நமக்குத் தோன்றலாம். அன்றைய மருத்துவ உலகுக்குப் போதவில்லை. 1900-ல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் கூட, பெரிபெரி வாய்வழியாகப் புகும் ஒரு கிருமியால் வருகிறது என்றுதான் வாதாடினார்.

ஆனால் மலாயாவில் கண்ணுக்கு முன்னால் ஒரு புதிர் இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் அதைக் கவனித்தார். ஒரே மண், ஒரே மழை, ஒரே கொசு. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் கொத்துக் கொத்தாகப் பெரிபெரியில் விழுந்தார்கள். கம்பத்தில், அதாவது தங்கள் கிராமத்தில், நெல்லை வீட்டிலேயே குத்திச் சமைத்த மலாய்க்காரர்களுக்கு அது அரிது. பால்மரத் தோட்டங்களிலும் சாலை வேலையிலும் இருந்த தமிழர்களுக்கும் அரிது. சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. 1907-ல் தம் கருத்தை நூலாகவே வெளியிட்டார் பிராடன். ஆனால் அவரும் பச்சரிசியில் நஞ்சு இருப்பதாகத்தான் முடிவுகட்டினார்.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெச்சர் செய்த சோதனையை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு கருத்தைச் சோதிப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1905-ல் அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அரிசிதான் காரணம் என்ற பேச்சில் ஃபிளெச்சருக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நோயாளிகளையெல்லாம் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து, இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் மேற்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. கட்டடங்கள் இரண்டும் ஒரே மாதிரியானவை. குழம்பு, காய்கறி, மீன் எல்லாம் ஒன்றே.

யார் எந்தக் குழு என்பதை அவர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கவில்லை. எண் முடிவு செய்தது. அதனால் பலசாலிகள் ஒரு பக்கமும் நோஞ்சான்கள் ஒரு பக்கமும் சேர்ந்துவிடும் வாய்ப்புக் குறைந்தது. ஆண்டின் நடுவில் இரு குழுக்களையும் கட்டடம் மாற்றிக் குடியமர்த்தினார். கிழக்குக் கட்டடத்திலேயே ஏதாவது கிருமி இருந்தால் நோய் அங்கேயே தங்க வேண்டும். தங்கவில்லை. அரிசியோடு சேர்ந்து போயிற்று. பச்சரிசி உண்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் உண்ட 123 பேரில் இரண்டே பேருக்குத்தான் நோய், அதுவும் மருத்துவமனைக்கு வரும்போதே கொண்டுவந்தது. ஒருவரும் அதனால் இறக்கவில்லை.

அந்தப் பதினெட்டுப் பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லும் நிலையில் பலர் இல்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படியொரு சோதனையை அனுமதிக்காது. அறிவியல் முன்னேறியது என்று சொல்லும்போது அது யாருடைய உடம்பின்மேல் நடந்து முன்னேறியது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியும் ஒரு சந்தேகம் மிஞ்சியது: மருத்துவமனை என்றால் ஏற்கெனவே நோய் குடியிருந்த இடமாயிற்றே? ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் 1907-ல் அதற்கு விடை தேடி நெகிரி செம்பிலானின் உட்பகுதியில் டுரியான் திப்புஸ் என்ற இடத்துக்குப் போனார்கள். சாலை போடுவதற்காகக் காடு அழித்துக்கொண்டிருந்த இடம். ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்கள், புதிதாகக் கட்டிய கொட்டகைகள். பாதிப் பேருக்குப் பச்சரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கல். சில மாதங்களில் பச்சரிசிக் குழுவில் பெரிபெரி தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. பிறகு மற்றக் குழுவுக்குப் பச்சரிசி கொடுத்தபோது அங்கேயும் வந்தது. நோயாளிகளோடு கலந்து இருந்த மற்றவர்களுக்கு ஒட்டவில்லை. தொற்று என்ற வாதம் அத்தோடு சரிந்தது.

நஞ்சு என்ற வாதம் இன்னும் பாக்கியிருந்தது. ஃபிரேசரும் ஸ்டான்டனும் நல்ல புழுங்கல் அரிசியை எடுத்து, அதிலிருந்த சத்தைச் சூடான ஆல்கஹாலில் கரைத்துப் பிரித்தார்கள். மிச்சமிருந்த அரிசியைத் தின்ற கோழிகள் நோயில் விழுந்தன. எதையும் சேர்க்கவில்லை, எடுக்க மட்டுமே செய்தார்கள். எடுத்ததனால் நோய் வருகிறது என்றால், காரணம் இருப்பது அல்ல, இல்லாதது. 1910-ல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியைத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானமே போட்டது.

இனி, அரிசிமணிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வெளியே உமி. அதற்குள் பழுப்பு நிறத்தில் மெல்லிய தவிட்டுத் தோல், ஒரு முனையில் முளைக்கரு. அதற்குள்ளே பெரும்பகுதியாக மாவுச்சத்து. தையமின் எனப்படும் வைட்டமின் பி1 பெரும்பாலும் தவிட்டிலும் கருவிலும்தான் இருக்கிறது. ஆலையில் தீட்டும்போது தவிடும் கருவும் உதிர்கின்றன; தையமினும் அவற்றோடு போய்விடுகிறது. வெள்ளையாக நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய வெறும் மாவு.

புழுங்கல் அரிசியின் வழி வேறு. நெல்லை உமியோடு நீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு ஆவியில் வேகவைத்து, களத்தில் பரப்பிக் காயவைத்து, அதற்கப்புறம்தான் குத்துகிறார்கள். தையமின் நீரில் கரையக்கூடியது. ஊறும்போதும் வேகும்போதும் அது தவிட்டிலிருந்து கரைந்து மணியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. வெப்பத்தில் மாவுச்சத்து பசையாகிக் காயும்போது இறுகுகிறது. உள்ளே போனது அங்கேயே மாட்டிக்கொள்கிறது. பின்னர் தவிட்டை நீக்கினாலும் ஒரு பங்கு மிஞ்சிவிடும். அந்த மஞ்சள் நிறமும், ஒளி ஊடுருவும் தன்மையும், பல்லுக்கு மசியாத கடினமும் இதே வேலையின் விளைவுகள். தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலில் தையமின் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். பெரிதாகத் தோன்றாது. ஆனால் நாள் முழுவதும் சோறும் கொஞ்சம் கருவாடும் உண்டு வாழ்ந்தவருக்கு அந்தச் சிறு அளவே போதுமானதாக இருந்தது.

சிலர் இதைக் கேட்டதும், நம் முன்னோர்கள் வைட்டமினை அன்றே அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நெல்லை அவித்தால் உமி சுலபமாகக் கழலும், குத்தும்போது குருணை குறையும், அரிசி நாள்பட இருக்கும். அதற்காகத்தான் அவித்தார்கள். வைட்டமின் உடன் வந்த நன்மை. மேலும், பெரிபெரியிலிருந்து தப்பிய அதே தமிழ்த் தொழிலாளர்கள் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் கொக்கிப்புழுவிலும் மடிந்தார்கள். கிள்ளானில் 1901-ல் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடிகால் வெட்டிக் காயவைத்து மலேரியாவைக் குறைத்துக் காட்டிய பிறகும், அந்த வசதி எல்லாத் தோட்டங்களையும் எட்டப் பல காலம் பிடித்தது. புழுங்கல் அரிசி ஒரு நோயிலிருந்துதான் காத்தது.

தையமின் உடம்பில் என்ன செய்கிறது? சோற்றிலுள்ள மாவுச்சத்து குளுக்கோசாக மாறி உயிரணுக்களுக்குப் போகிறது. அதிலிருந்து ஆற்றலை எடுக்கும் வேதிவினைகளில் தையமின் இல்லாமல் நடக்காத படிகள் உண்டு. அடுப்பு நிறைய விறகு வைத்துவிட்டுத் தீக்குச்சி இல்லாமல் உட்கார்ந்திருப்பது போன்ற நிலை அது. ஓய்வில்லாமல் ஆற்றல் கேட்கும் உறுப்புகளான நரம்பும் இதயமும்தான் முதலில் தளர்கின்றன; கால் மரப்பதும் இதயம் வீங்குவதும் இதனால்தான். அதிகமாகச் சோறு உண்டால் அதிகத் தையமின் வேண்டும். கடுமையாக உழைத்து, வயிறு நிறைய வெள்ளைச் சோறு உண்ட வாலிபர்கள் விழுந்ததற்குக் காரணம் இப்போது புரியும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். உடம்பின் மொத்தக் கையிருப்பே ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். வரத்து நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

தவிட்டில் இருக்கும் அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுக்கும் போட்டியில் பலர் இறங்கினார்கள். ஜப்பானில் உமெதாரோ சுசுகி 1910-ல் தவிட்டுச் சாற்றைப் பிரித்தார். லண்டனில் வேலை செய்த போலந்துக்காரர் காசிமிர் ஃபுங்க், பெரிபெரி மட்டுமல்ல, ஈறில் இரத்தம் கசியும் ஸ்கர்வி, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் போன்றவையும் இப்படிப்பட்ட குறைபாடுகளே என்று 1912-ல் எழுதி, வைட்டமின் என்ற பெயரையும் வைத்தார். தூய படிகங்களை முதலில் கண்டவர்கள் பத்தாவியாவில் இருந்த யான்சனும் டோனாத்தும், ஆண்டு 1926.

இவர்களில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானவர் ராபர்ட் வில்லியம்ஸ். பிறந்தது 1886-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். அமெரிக்க மதபோதகர்களின் பிள்ளை. வேதியியலாளராக மணிலாவில் வேலைக்குச் சேர்ந்தபோது, தவிட்டுச் சாற்றை ஆராயும்படி வெட்டர் என்ற ராணுவ மருத்துவர் அவரிடம் கேட்டார். தாய்க்குச் சத்தில்லாததால் பாலிலும் சத்தில்லாமல், பெரிபெரியால் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தையின் வாயில் அந்தச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். சில மணி நேரத்தில் குழந்தை தேறியது. அதை வில்லியம்ஸ் மறக்கவில்லை. அமெரிக்கா திரும்பி பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்தபடியே, ஓய்வு நேரத்தில், பெரும்பாலும் சொந்தச் செலவில், ஆண்டுக்கணக்காகத் தவிட்டோடு மல்லுக்கட்டினார். 1936-ல் அந்தப் பொருளின் அமைப்பை அறிந்து செயற்கையாகவே தயாரித்துவிட்டார். காப்புரிமையிலிருந்து வந்த பணத்தின் பெரும்பகுதி சத்துக்குறைவு நோய்களை ஒழிக்கும் நிதிக்குப் போனது. 1940-களின் இறுதியில் பிலிப்பைன்ஸின் பட்டான் மாநிலத்தில் தையமின் சேர்த்த அரிசியை மக்களுக்குக் கொடுத்துப் பெரிபெரி மரணங்களை வெகுவாகக் குறைத்துக் காட்டியதிலும் அவருடைய உழைப்பு உண்டு.

அப்படியானால் இன்று வெள்ளையரிசி உண்பவர்களுக்கெல்லாம் பெரிபெரி வந்துவிடுமா? வராது. பருப்பு, பயறு, முட்டை, பன்றி இறைச்சி, வேர்க்கடலை, கோதுமை மாவு என்று தையமின் பல வழியில் நமக்குக் கிடைக்கிறது. பச்சரிசிதான் வேண்டும் என்றால், அதைப் பலமுறை தேய்த்துக் கழுவாதீர்கள். கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள். இருக்கிற கொஞ்சமும் நீரோடு போய்விடும்.

ஆனால் தையமின் குறைபாடு நம் தோட்டப்புறங்களை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. மலிவு விலைச் சம்சு குடித்தே பொழுதைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். மது குடலில் தையமின் சேர்வதைத் தடுக்கிறது. குடிப்பவர் ஒழுங்காக உண்பதும் இல்லை. கண் இமையோ விழியோ சரியாக அசையாமல், நடை தள்ளாடி, மனம் குழம்பிய நிலையில் ஒருவரைப் பார்த்தால் பலரும் குடிவெறி என்று விட்டுவிடுகிறார்கள். அது தையமின் குறைவால் மூளையைத் தாக்கும் வெர்னிக்கே நோயாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். அங்கே அவருக்குத் தையமின் ஊசி போடுவார்கள். குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தால் தையமினையும் சேர்த்தே, முடிந்தால் அதற்கு முன்பே, கொடுப்பார்கள். ஏனென்றால் குளுக்கோஸ் மட்டும் உள்ளே போனால் மிச்சமிருக்கும் சிறிதளவு தையமினும் அதை எரிப்பதிலேயே தீர்ந்துவிடும்.